தெருச் சாக்கடை ஏன் வாசலுக்குள் வருகிறது?

தருமபுரியில் பென்னாகரம் சாலைப் பக்கம் 30க்கு 40 அடியில் வீடு கட்டியிருக்கும் ஒருவர் கேட்டது இது: "அரை மணி நேர மழைக்கே மொட்டை மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. கீழே தெருச் சாக்கடை பொங்கி வாசல்படி ஏறுகிறது. போர்டிகோவுக்கு மேல் போட்ட தகரக் கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் அடிக்கிறது என்று தினம் சண்டை. மாடிக்கு எத்தனை குழாய் வேண்டும், தகரத்தின் ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கும் கட்டர் போடணுமா, சாக்கடையை உயர்த்திக் கட்டச் சொல்லி நகராட்சியில் மனு கொடுக்கலாமா?"

மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் விஷயம் ஒன்றுதான். கொத்தனார்கள் அதை ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: வாட்டம். தண்ணீர் தானாக இறங்கிப் போகிற சாய்வு. மாடியிலிருந்து குழாய், குழாயிலிருந்து தெரு, தெருவிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஏரி என்று வாட்டம் அறுபடாமல் போனால் மழை விட்ட கால் மணியில் தெரு காய்ந்துவிடும். நடுவில் எங்கே அறுந்தாலும் அதற்கு மேலே குடியிருப்பவர் வாசலில் தண்ணீர் நிற்கும். 28 வருடமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் வீட்டு வேலை, ரோட்டு வேலை பார்த்து வருகிறேன். தண்ணீர் நிற்கிற இடத்திலேயே குற்றம் இருந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அது கீழே, பத்து வீடு தள்ளி, யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கும்.

முதலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துவிடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் தளம் 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டருக்குச் சற்று மேல். நம் பக்கம் வருட மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவுதான், சென்னையில் 1,400. இதை வைத்துக்கொண்டு "நம்ம ஊர் வறண்ட ஊர், ஒரு குழாய் போதும்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். குழாய்க்கும் சாக்கடைக்கும் வருடக் கணக்கு உதவாது, மணிக் கணக்குதான் வேண்டும். சித்திரை, வைகாசியில் மதியம் வரை வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேகம் திரண்டு, காற்றும் இடியுமாகக் கொட்டி, முக்கால் மணியில் முடிந்துவிடும். புரட்டாசி, ஐப்பசி இரவுகளிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்வதாக வைத்துக்கொண்டால் உங்கள் மாடியில் மட்டும் நிமிடத்துக்கு 186 லிட்டர் விழுகிறது. 15 லிட்டர் பக்கெட்டில் 12 பக்கெட். யாரோ ஒருவர் மாடியில் நின்று ஐந்து விநாடிக்கு ஒரு பக்கெட் தண்ணீரை ஓயாமல் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவையும் உங்கள் குழாய் அந்த நிமிடமே இறக்கியாக வேண்டும்.

மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு நான்கு அங்குலக் குழாய் 43 சதுர மீட்டர், அதாவது 460 சதுர அடித் தளத்தைத் தாங்கும். நம் நாட்டுக் கட்டட விதிகளில் இருக்கும் அட்டவணைக் கணக்கு அது. அப்படியானால் உங்களுக்கு நான்கு அங்குலக் குழாய் மூன்று வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்றுதான் தெரிகிறது, அதுவும் மூன்று அங்குலம். மூன்று அங்குலக் குழாய் நான்கு அங்குலத்தில் முக்கால்வாசித் தண்ணீரைக் கொண்டுபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதியைக்கூடக் கொண்டுபோகாது. அதே அட்டவணையில் அதற்கு 20 சதுர மீட்டர்தான்.

குழாய் போதாதது பாதிக் காரணம். மீதி, குழாயின் வாய். மாடியில் ஏறிக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீரை இரண்டு அடி தள்ளி மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் நேராகக் குழாய்க்குப் போகிறதா, இல்லை வாய்க்கு முன்னால் தயங்கிச் சுற்றிப் பரவுகிறதா? பெரும்பாலான வீடுகளில் பரவும். தளம் போடும்போது குழாயை முதலில் வைத்துவிடுவார்கள். பிறகு கலவையும் தட்டோடும் வரும்போது வாயைச் சுற்றி ஓர் அரை அங்குலம் மேடு விழுந்துவிடும். மேஸ்திரி ரசமட்டக் கட்டையை வைத்துக் காட்டி, "வாட்டம் சரியா இருக்குதுங்க" என்பார். அவர் சொல்வது தளத்துக்கு உண்மைதான். கடைசி ஓரடியில் அது உடைந்திருக்கும். அந்த அரை அங்குலம்தான் உங்கள் மாடியில் எப்போதும் தங்கும் தண்ணீர்.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. வாயைச் சுற்றி ஓரடிக்கு ஓரடி தளத்தைக் கொத்தி, ஓர் அங்குலம் பள்ளமாக, கிண்ணம் மாதிரி இறக்கிப் பூசச் சொல்லுங்கள். தண்ணீர் வாயின் விளிம்பைத் தாண்டித்தான் உள்ளே விழுகிறது. விளிம்புக்கு மேலே தண்ணீரின் கனம் கூடக் கூட உள்ளே போகும் அளவும் கூடும். பள்ளம் அந்தக் கனத்தைத் தளம் முழுக்க நிற்கவிடாமல் வாய்க்கு மேலே மட்டும் கொடுக்கிறது. அதே பூச்சு வேலையில் தட்டையான சல்லடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குமிழாக எழும்பிய சல்லடை வையுங்கள். தட்டைச் சல்லடைக்கு ஒரு பால் பாக்கெட் போதும், முழுக்க மூடிக்கொள்ளும். குமிழுக்குப் பக்கவாட்டில் வழி இருக்கும். மாசி, பங்குனியில் வேப்பிலை உதிர்ந்து குழாய் வாயில் மெத்தையாகப் படிந்துவிடுகிறது. முதல் கோடை மழை அதன்மேல்தான் விழுகிறது. போன வருடம் இலக்கியம்பட்டியில் ஒரு வீட்டில் குழாய்க்குள் கை விட்டு நான் எடுத்தவை: ஒரு கூடை வேப்பஞ்சருகு, புறாக்கூட்டுக் குச்சிகள், பாதி கரைந்த ஒரு ரப்பர் பந்து. அதற்குக் கீழே குழாயில் துளி அடைப்பு இல்லை.

தளத்தின் வாட்டம் 100க்கு 1 இருக்க வேண்டும். 20 அடி தூரத்துக்கு இரண்டரை அங்குலம் இறக்கம். இதைவிடக் குறைத்தால் ஓட்டின் ஏற்றத்தாழ்வே வாட்டத்தை விழுங்கிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கைப்பிடிச் சுவருக்குள் தொட்டி மாதிரி ஏறும். உங்கள் தளத்தில் ஓர் அங்குலம் நின்றால் 2.8 டன். நான்கு அங்குலம் நின்றால் 11 டன். ஆகவே தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, கைப்பிடிச் சுவரில் தெருப் பக்கமாக ஒரு செங்கல் அளவு துளை விடுங்கள். சாதாரண நாளில் அது சும்மா இருக்கும். அதிலிருந்து தண்ணீர் கொட்டினால் குழாய் அடைத்திருக்கிறது என்று தெருவே உங்களுக்குச் சொல்லிவிடும்.

தகரக் கூரைக்கு வருவோம். கட்டாயம் கட்டர் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கோபம் நியாயமானது. கூரைத் தண்ணீர் பத்தடி உயரத்திலிருந்து ஒரே கோட்டில் விழும்போது அவர் சுவர் அடியில் மண்ணை அரிக்கும். தெறிக்கிற சேறு இரண்டடி உயரத்துக்குப் பூச்சை ஊற வைக்கும். அப்புறம் உள்ளே ஓதம் ஏறும், சுண்ணாம்பு பொருக்கு விட்டு உதிரும். கட்டர் ஜிஐ தகரமாக இருந்தாலும் பிவிசியாக இருந்தாலும் பரவாயில்லை, மாட்டுகிற விதத்தில் இரண்டு நுணுக்கம் உண்டு. கூரைத் தகரம் கட்டருக்குள் இரண்டு அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சிறு தூறலில் தண்ணீர் தகரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வழிந்து சுவருக்கு வரும். கட்டரின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், நிறைந்தால் வெளிப்பக்கம் வழியட்டும். கிளாம்ப் இரண்டு அடிக்கு ஒன்று. இடைவெளி கூடினால் கட்டர் நடுவில் தொங்கி, அங்கே தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது இந்த மாதிரிச் சுத்தமான தேங்கிய தண்ணீர்தான். முட்டையிலிருந்து கொசு ஆக 7 முதல் 10 நாள் போதும். தெருச் சாக்கடைக்கு மருந்து அடிக்கச் சொல்லிச் சண்டை போடும் வீடுகளில் தலைக்கு மேலே கட்டரில் புழு நெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஓட்டு வீடுகளில் இது எல்லாம் எவ்வளவு தெளிவாக யோசிக்கப்பட்டிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். இரண்டு கூரை சந்திக்கும் கூடல்வாயில் தகரத்தை அகலமாக மடித்துப் போட்டிருப்பார்கள், இரண்டு பக்கத் தண்ணீரும் சேரும் இடம் அது என்பதால். இறவாணம், அதாவது கூரையின் கீழ் ஓரம், சுவரைவிட்டு இரண்டடி வெளியே நீண்டிருக்கும். தண்ணீர் விழும் இடத்தில் வாய் உடைந்த ஆட்டுக்கல்லையோ பழைய அம்மியையோ பதித்து வைத்திருப்பார்கள். மண் அரிக்காது, தெறிக்காது. உங்கள் குழாய் கீழே முடியும் இடத்துக்கும் அதைத்தான் சொல்வேன். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் உடைந்த கல் துண்டு கிடைக்கும், ஒன்று வாங்கிப் போடுங்கள். குழாய் அடியில் ஒரே எல்போ வைத்துச் சட்டென்று திருப்பாமல் இரண்டு 45 டிகிரி வளைவாகத் திருப்புங்கள். அடைப்பு பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் விழுகிறது.

இன்னொன்று. மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையின் தொட்டியில் சேர்க்கச் சொல்லி பிளம்பர் சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் குழாய்கள் குளியலறை, கழிப்பறைத் தண்ணீருக்காக அளவெடுத்தவை. ஒரு தெருவில் பத்து வீடு மாடித் தண்ணீரை அதில் விட்டால் பள்ளத்தில் இருக்கும் வீட்டின் கழிப்பறை வழியாக அது திரும்பி வரும். அடைத்துக்கொண்டால் யாராவது உள்ளே இறங்க வேண்டியிருக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நம் மாடித் தண்ணீருக்காக ஒரு மனிதன் அதில் இறங்கக் கூடாது.

இனித் தெரு. இதுதான் நிறையச் சொல்ல வேண்டிய பகுதி.

சாலையின் நடு மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். தார்ச்சாலைக்கு 100க்கு 2 என்ற அளவில் சாய்வு. உங்கள் தெரு 18 அடி என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டு அங்குல வித்தியாசம். பார்த்தால் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பழைய சாலைமேலேயே புதிது போட்டுக்கொண்டு போனதில் பல தெருக்களில் சாலை வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலரிடமிருந்தே உத்தரவு போனது. உங்கள் தெருவுக்கு அடுத்த முறை ஜல்லி லாரி வரும்போது இதைக் கேளுங்கள். இறக்கிய பிறகு கேட்டால் பயன் இல்லை.

சாலை ஓரத்துக்கு வந்த தண்ணீர் சாக்கடைக்குள் விழ வேண்டும். சாக்கடைச் சுவர் சாலையைவிட அரையடி உயர்ந்திருந்தால் எங்கே விழும்? அதனால்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம். உயர்த்திக் கட்டச் சொல்லி மனு கொடுக்காதீர்கள். உயர்த்தினால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஓரிரு வருடம் பொங்காது, ஆனால் சாலைத் தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் நேராக உங்கள் வாசலுக்கு வரும். வீட்டுக் குழாயும் சாக்கடை மட்டத்துக்குக் கீழே போய்விடும். பணம் செலவாகி, வீடு குழிக்குள் போய்விடும்.

சாக்கடை எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகும் என்பது அதன் அளவை மட்டும் அல்ல, வாட்டத்தையும் பொறுத்தது. ஓரடி அகல சிமெண்ட் சாக்கடையில் பத்து அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் போகிறது என்று வையுங்கள். 200க்கு 1 வாட்டம் இருந்தால், அதாவது 100 அடிக்கு அரையடி இறக்கம், விநாடிக்கு ஏறக்குறைய 73 லிட்டர் போகும். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் நெருக்கமாக வீடு கட்டிய ஒன்றரை ஏக்கர் நிலத்தின் தண்ணீரை அந்த ஓரடிச் சாக்கடை சுமந்துவிடும். அதே சாக்கடைக்கு வாட்டம் 800க்கு 1 என்று குறைந்தால் பாதிதான் போகும். வேகமும் பாதியாகி, விநாடிக்கு அரை மீட்டருக்குக் கீழே இறங்கும். விநாடிக்கு 60 சென்டிமீட்டராவது வேகம் இருந்தால்தான் தண்ணீர் மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்குக் கீழே போனால் மண் அடியில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த மண் வாட்டத்தை இன்னும் குறைக்கும், அதனால் இன்னும் மண் உட்காரும். நம் பக்கம் செம்மண், மழைத் தண்ணீர் செங்கல் பொடி கரைத்த மாதிரி வரும். ஒரே ஐப்பசியில் அரைச் சாக்கடை தூர்ந்துபோகும்.

ஒவ்வொரு வருடமும் அள்ளுகிறார்களே என்பீர்கள். அள்ளிய மண்ணைச் சாக்கடை ஓரத்திலேயே குவித்து வைத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மழையில் அது பழைய இடத்துக்கே போய்விடும். அள்ளுகிற அன்றே வண்டியில் ஏற்ற வேண்டும் என்று வார்டு உறுப்பினரிடம் தெருவே சேர்ந்து கேளுங்கள்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சில வருடம் முன்பு ஒரு தெரு. 17 வீட்டுக்கு முன்னால் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீர். மலைக்கு அருகில் இருக்கும் பகுதி, பாறைமேல் விழும் மழை ஒரு சொட்டுக்கூட உறிஞ்சப்படாமல் அப்படியே இறங்கி வருகிறது. அதனால் தண்ணீர் அதிகம், சாக்கடை போதாது, பெரிதாகக் கட்ட வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நான் மழை பெய்யும்போதே வருகிறேன் என்றேன். குடையும் ஒரு நீளக் கம்பும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் போகும் திசையிலேயே சாக்கடை ஓரமாக நடந்தேன். அடைப்பைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அடைப்புக்கு மேலே தண்ணீர் குளம் மாதிரி மட்டமாக, ஓட்டமில்லாமல் நிற்கும். அடைப்பைத் தாண்டியதும் சாக்கடையின் அடித்தரையே தெரியும், மெல்லிசாகச் சலசலத்து ஓடும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் குற்றவாளி.

அந்தத் தெருவில் அது 18ஆவது வீடு. கார் ஏற்றச் சாக்கடைமேல் சிமெண்ட் சாய்தளம் போட்டிருந்தார்கள். தண்ணீர் போக அடியில் ஒரு குழாயும் வைத்திருந்தார்கள், ஆறு அங்குலக் குழாய். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். ஆனால் ஆறு அங்குலக் குழாய் அதே வாட்டத்தில் விநாடிக்கு 11 லிட்டர்தான் கொண்டுபோகும். 73 லிட்டர் வருகிறது, 11 போகிறது. அந்த வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எங்க ஊட்டு வாசல்ல ஒரு நாளும் தண்ணி நின்னதில்லையே தம்பி" என்றார். உண்மைதான், நிற்காது. அவர் வீட்டுக் குழாய்தான் மேலே இருக்கிற 17 வீட்டிலும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. கம்பை விட்டுக் காட்டினேன். குடையைப் பிடித்துக்கொண்டு மேல் வீடுகள் வரை அவரும் கூடவே நடந்து வந்து பார்த்தார். வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் செலவிலேயே சாய்தளத்தை உடைத்து, சாக்கடையின் முழு அகலத்துக்கும் கல் பலகை போட்டுக்கொண்டார். கல் பலகையில் இன்னொரு வசதி, கடப்பாரையால் நெம்பித் தூக்கி உள்ளே சுத்தம் செய்யலாம். அதன்பிறகு அந்தத் தெருவில் புதிய சாக்கடை கட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

உங்கள் தெருவிலும் அடுத்த மழையில் இப்படி நடந்து பாருங்கள், மின்கம்பத்தைத் தொடாமல். கடைசிவரை நடக்க வேண்டும். சாய்தளங்களைத் தாண்டி, சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்கள் ஏரியை நம்பி உண்டானவை. மேல் ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிவதற்கென்று விட்ட கோடி வழியாக வெளியே போனால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகக் கால்வாய் இருந்தது. ஓசூர் பக்கம் அதை ராஜகால்வாய் என்கிறார்கள். தெருச் சாக்கடை எல்லாம் அதில் போய்ச் சேர்வதாகத்தான் அமைப்பு. அந்தக் கால்வாயை வீட்டு மனையாக்கி, 15 அடி அகலத்தை மூன்றடிக் குழாயாகச் சுருக்கியிருந்தால் நீங்கள் உங்கள் தெருவில் தங்கத்தால் சாக்கடை கட்டினாலும் தண்ணீர் போகாது. கால்வாய்த் தண்ணீர் உங்கள் சாக்கடையின் வாயைவிட உயர்ந்து நின்றாலும் இதே கதைதான், கால்வாயிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் பின்னேறும். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் மேடாகப் போகிற இடங்களில் அவையே ஏரிக்கரை மாதிரி தண்ணீரைத் தடுக்கும். அடியில் இருக்கும் சிறுபாலங்கள்தான் ஒரே வழி. அவற்றின் வாயில் முள்ளும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தால் ஒரு பேட்டையே மூழ்கும்.

2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் கரை ஏறி வலுவிழந்த பிறகு நம் பக்கம் வந்து கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் ஒரே நாளில். உங்கள் வீட்டளவு மாடியில் மட்டும் 55,000 லிட்டருக்கு மேல். ஏரித் தண்ணீர் பெருக்கெடுத்துச் சாலையில் நின்ற வாகனங்களை உருட்டிக்கொண்டு போனது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தத் தெருச் சாக்கடையும் போதாது, அதற்காகச் சாக்கடை கட்டவும் முடியாது. அன்றைக்கு ஊரைக் காப்பாற்றக்கூடியவை ஏரியும் கோடியும் கால்வாயும்தான். அந்த வாரம் அரூரில் உறவினர் வீட்டுக்குப் போனபோது ஒன்று கவனித்தேன். தண்ணீர் வடிந்து சேறு கோடு போட்டிருந்த சுவர்களைப் பார்த்தாலே பழைய ஓடை எந்த வழியாக ஓடியது என்று வரைபடம் போடலாம். வயதானவர்கள் கை நீட்டிக் காட்டிய வழியும் அந்தச் சேற்றுக் கோடும் ஒன்றாகவே இருந்தன.

ஆகவே மனு கொடுங்கள், ஆனால் இப்படி எழுதுங்கள்: எங்கள் தெருச் சாக்கடை விழும் இடம் வரை வாட்டத்தை அளந்து, அடைப்பாக இருக்கும் சாய்தளங்களைக் குறித்து, கடைசிக் கால்வாயிலிருந்து மேல்நோக்கித் தூர் வார வேண்டும். மேலிருந்து கீழே வாரினால் வாரியதெல்லாம் கீழே போய் அடைக்கும். எந்த வீட்டின் எதிரில் தண்ணீர் மட்டமாக நிற்கிறது, எங்கே ஓட ஆரம்பிக்கிறது என்று மழையில் எடுத்த இரண்டு படத்தையும் இணையுங்கள். வெறும் "சாக்கடை பொங்குகிறது" என்ற மனுவைவிட இதற்கு மதிப்பு அதிகம். பொறியாளர் வந்து பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த மூன்று குழாய்த் தண்ணீரையும் தெருவுக்கு விட வேண்டும் என்று என்ன கட்டாயம்? 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அப்போது தோண்டிய குழி இன்று செடித் தொட்டியாக இருக்கிறது. மற்ற மாவட்டத்தைவிட நமக்கு இது முக்கியம், காரணம் ஃபுளோரைடு. நம் பூமிக்கடியில் இருக்கும் பாறையிலிருந்து அது கரைந்து போர் தண்ணீரில் கலக்கிறது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழுவதை நாம் பார்த்து வளர்ந்தோம், வயதானவர்கள் முதுகு நிமிர முடியாமல் போனதையும் பார்த்தோம். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். மழைத் தண்ணீர் பாறையைத் தொடாமல் வருவதால் அதில் ஃபுளோரைடு பிரச்சினை இல்லை. உங்கள் மாடியில் வருடத்துக்கு ஏறக்குறைய 75,000 லிட்டர் பிடிக்கலாம், வீணாவது போக. ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால் வருடத்துக்கு 9,000 லிட்டர்தான் வேண்டும்.

ஒரு குழாயை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். மழையின் முதல் தண்ணீரில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும், அதை வெளியே விட ஒரு திருப்பு வால்வு வையுங்கள். மாடி முழுக்கச் சேரும் முதல் 100, 150 லிட்டர் போனால் போதும். அதன்பிறகு வருவது கூழாங்கல், மணல் போட்ட வடிகட்டி வழியாக மூடிய தொட்டிக்குப் போகட்டும். குடிப்பதானால் காய்ச்சித்தான். மற்ற இரண்டு குழாயை நிலத்துக்கு விட நினைத்தால் முதலில் மூன்றடிக் குழி ஒன்று தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நாளில் வடிந்தால் அந்த இடத்தில் உறிஞ்சுகுழி வேலை செய்யும். பென்னாகரம் சாலைப் பக்கம் சில மனைகளில் நாலடியிலேயே பாறை தட்டும், அங்கே குழி வெறும் தொட்டியாகத்தான் நிற்கும். வடிகட்டாமல் நேராகப் போருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், ஒரு மழையின் சேறு போரைக் கெடுத்துவிடும்.

குழாய் வைக்கும் முன் எனக்கு மூன்று அளவு வேண்டும்: மாடியின் நான்கு மூலையிலும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) வைத்துப் பார்த்த உயரம், உங்கள் வாசல்படிக்கும் சாக்கடை அடித்தரைக்கும் உள்ள உயரம், கீழே பத்து வீடு தள்ளிச் சாக்கடை அடித்தரையின் உயரம். மேஸ்திரி ஒருவரும் இருபது அடி டியூபும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும். அளந்து அனுப்புங்கள், எந்த மூலையில் எந்தக் குழாய் என்று வரைந்து தருகிறேன்.